மருந்து நெய்த சாக்கு: எந்தக் கேள்விக்கு இது விடை?

"அரிசியில வண்டு வெச்சிருச்சு" என்கிறோம். "ரவையில பூச்சி விழுந்துடுச்சு" என்றும் சொல்கிறோம். பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினாலும், சொற்களைக் கொஞ்சம் நிறுத்திக் கவனித்தால் இரண்டு வேறு சங்கதிகள் தெரியும். வெச்சது என்றால் உள்ளேயே இருந்து பெருகியது. விழுந்தது என்றால் வெளியிலிருந்து வந்தது. தானியப் பாதுகாப்பில் இந்த வித்தியாசம்தான் எல்லாமே. பூச்சிக்கொல்லி சேர்த்துத் தயாரிக்கும் பைகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஆராய்ச்சியிலும், அதைவிட அதிகமாக அதன் விளம்பரத்திலும், எனக்குப் படும் பெரிய குறை இந்த வித்தியாசத்தை மெல்ல மறைத்துவிடுவதுதான்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்று முக்கியமாக இரண்டு வகை இருக்கிறது. முதல் வகை, பின்னிய பிளாஸ்டிக் சாக்கு. நம்ம ஊர் உரச்சாக்கு மாதிரிதான். பாலிப்ரொப்பிலீன் இழையை இழுக்கும்போதே அதற்குள் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியைக் கலந்துவிடுகிறார்கள். இதில் பிரபலமானது வெஸ்டர்கார்ட் நிறுவனத்தின் ஜீரோஃபிளை. மலேரியாவுக்கு எதிராக மருந்திட்ட கொசுவலைகளை உலகமெங்கும் விற்கும் அதே நிறுவனம்தான். ஆப்பிரிக்கச் சிறு விவசாயிகளின் சோளத்தைக் காப்பதுதான் இந்தச் சாக்கின் முக்கிய இலக்கு. இரண்டாவது வகை, பாக்கெட் செய்யும் மெல்லிய படலத்தில் மெத்தோபிரீன் சேர்ப்பது. இது கொல்லும் மருந்தல்ல, பூச்சியின் வளர்ச்சியைக் குழப்பும் ஹார்மோன் போலி. இதை கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகமும் அமெரிக்க வேளாண் துறையின் மன்ஹாட்டன் ஆய்வகமும் நிறையச் சோதித்திருக்கின்றன. (நியூயார்க் மன்ஹாட்டன் இல்லை, கான்சாஸில் இருக்கும் ஊர்.)

யோசனை பழசு. தாவரத்திலிருந்து எடுக்கும் பைரெத்ரினையும், அதன் வேகத்தைக் கூட்டும் பைப்பரோனில் பியூடாக்சைடையும் காகிதப் பைகளில் பூசுவதற்கு அமெரிக்கச் சட்டம் நீண்ட காலமாகவே இடம் கொடுக்கிறது. 50 பவுண்டும் அதற்கு மேலும் கொள்ளும் பல அடுக்குக் காகிதப் பையின் வெளி அடுக்கில் மட்டும், ஒரு சதுர அடிக்கு பைரெத்ரின் 6 மில்லிகிராம், பைப்பரோனில் பியூடாக்சைடு 60 மில்லிகிராம் வரை. இந்த விதியில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

துளைப்பவனும் நுழைபவனும்

பையைத் தாக்கும் பூச்சிகளை இந்தத் துறையில் இரண்டாகப் பிரிப்பார்கள். பையைக் கடித்துத் துளை போட்டு வருபவை ஒரு வகை. தானியத் துளைப்பான், சிகரெட் வண்டு, அரிசி அந்தின் புழு எல்லாம் இதில் வரும். ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் நுழைபவை இன்னொரு வகை. மாவு மில்லில் எல்லோருக்கும் பழக்கமான சிவப்பு மாவு வண்டு, டிரைபோலியம் கேஸ்டேனியம், இந்த இரண்டாம் வகை. மூணு நாலு மில்லிமீட்டர் நீளம், தட்டையான உடம்பு. தையல் ஊசி போட்ட துளையே அதற்கு வாசல். முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த புழுவுக்கு அவ்வளவு பெரிய வாசல்கூடத் தேவையில்லை. மடிப்பில் ஒட்டு சரியாக விழாத இடம் போதும்.

இப்போது மருந்து நெய்த சாக்கை இந்த இருவர் முன்னாலும் வைத்துப் பாருங்கள். துளைப்பவன் அதன் மேல் உட்கார்ந்து நேரம் செலவழித்துக் கடிக்க வேண்டும். மருந்து காலிலும் ஏறும், வாயிலும் ஏறும். இந்த இடத்தில் மருந்துச் சாக்குக்கு நியாயமான வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. நுழைபவன் கதை வேறு. அவன் தையல் வாயைக் கண்டுபிடித்துக் கடந்துவிட்டால், மருந்தோடு அவனுக்கிருந்த உறவு சில நிமிடங்கள்தான். சாக்கின் வாயைத் தைக்கும் நூல் பெரும்பாலும் கடையில் வாங்கிய சாதா நூல். இழை முழுக்க மருந்து, வாசலில் மட்டும் இல்லை.

மூன்றாவதாக ஒருவன் இருக்கிறான், இந்தப் பிரிவில் வராதவன். ஏற்கெனவே உள்ளே இருப்பவன். கூன்வண்டு தானியத்துக்குள் குழி பறித்து முட்டை வைத்து, மேலே மூடியும் விடும். புழு வளர்வது முழுக்கத் தானியத்துக்குள்ளேயே. பயறு வண்டு வயலிலேயே காயின் மேல் முட்டை வைக்கும், அறுவடையோடு வீட்டுக்கு வரும். வெளியே பார்த்தால் மணி சுத்தமாகத் தெரியும். சாக்கில் நிரப்பி வாயைத் தைத்த அன்று, எதிரியும் சேர்ந்தே உள்ளே தைக்கப்படுகிறான். வெளிச்சுவரில் இருக்கும் மருந்து நடுச்சாக்கில் பிறக்கும் வண்டை எப்படித் தொடும்?

இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. பூச்சியில்லாத, நன்றாக உலர்ந்த தானியத்தைத்தான் நிரப்ப வேண்டும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். ஆனால் அந்த நிபந்தனையைச் சிறு விவசாயி எப்படி நிறைவேற்றுவார்? அதற்கு முதலில் புகைமூட்டம் போட வேண்டும். பாஸ்பீன் மாத்திரையைக் கையாள அவருக்குப் பயிற்சி வேண்டும், தார்ப்பாய் வேண்டும், வீட்டை விட்டுத் தள்ளி இடம் வேண்டும். அதெல்லாம் இருக்கிறவருக்கு இந்தச் சாக்கின் அவசரம் குறைவு. இல்லாதவருக்குச் சாக்கு மட்டும் போதாது. விற்பனைச் சீட்டின் அடியில் சின்ன எழுத்தில் வரும் நிபந்தனை, உண்மையில் பிரச்சினையின் பெரிய பாதி.

பெட்ரி டிஷ்ஷில் ஜெயிப்பது

அடுத்தது சோதனை முறை. இந்தத் துறையின் ஆய்வுக்கூடக் கட்டுரைகள் பலவும் ஒரே அச்சில் இருக்கும். சாக்குத் துணியை வட்டமாக வெட்டி பெட்ரி டிஷ்ஷின் அடியில் ஒட்டு. வண்டுகளை அதன் மேல் விடு. இத்தனை மணி நேரத்தில் எத்தனை மல்லாந்தன, எத்தனை செத்தன என்று எண்ணு. சாதாச் சாக்கோடு ஒப்பிடு.

இது தேவையான சோதனைதான். மருந்து துணியின் மேற்பரப்புக்கு வருகிறதா என்று தெரிய வேறு வழியில்லை. ஆனால் சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால் இது யூனிட் டெஸ்ட். ஒரு ஃபங்ஷன் தனியாக வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. சிஸ்டம் வேலை செய்யும் என்பதற்கு அல்ல.

என்னென்ன விடுபடுகிறது?

ஒன்று, வண்டுக்கு அங்கே போக்கிடம் இல்லை. விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் மருந்தின் மேல் நின்றாக வேண்டும். கிடங்கில் அது நடந்துபோகும், விலகும், இடுக்கில் ஒண்டும்.

இரண்டு, தூசி. கிடங்கு என்றால் சாக்கின் மேல் மாவுத்தூசி படியும், தரையில் சிந்தல் இருக்கும். மருந்திட்ட தரையில் மாவு கிடந்தால் டிரைபோலியம் பிழைத்துக்கொள்வது அதிகமாகிறது என்று அமெரிக்க வேளாண் துறையின் ஃபிராங்க் ஆர்தர் 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே கான்க்ரீட் தரையில் காட்டியிருக்கிறார். தரைக்குப் பொருந்துவது சாக்குக்குப் பொருந்தாமல் போகுமா?

மூன்று, மல்லாந்தது எல்லாம் செத்தது ஆகாது. டெல்டாமெத்ரின் வகை மருந்துகள் நரம்பைத் தாக்கிச் சட்டென்று விழவைக்கும். கொஞ்ச நேரத் தொடர்பு மட்டும் என்றால், விழுந்தது எழுந்து நடக்கவும் செய்யும். 'வீழ்ந்தவை' எண்ணிக்கையைத் தலைப்பில் வைத்து 'இறந்தவை' எண்ணிக்கையை உள்ளே ஒளிக்கும் அட்டவணையைப் பார்த்தால் சந்தேகப்படுங்கள்.

கொசுவலைக் கதையோடு ஒப்பிட்டால் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். தொழில்நுட்பம் ஏறக்குறைய அதே. ஆனால் நீடித்து நிற்கும் மருந்து வலைக்கு உலக சுகாதார நிறுவனம் மூன்று கட்டங்கள் வைத்தது. முதலில் ஆய்வுக்கூடம். அப்புறம் ஆள் படுத்துத் தூங்கும் சோதனைக் குடிசை. அதற்கப்புறம் ஊர்களில் மூன்று வருஷம் உண்மையான பயன்பாடு. 20 தடவை துவைத்த பிறகும் மருந்து வேலை செய்ய வேண்டும். இவ்வளவும் தாண்டினால்தான் முழுப் பரிந்துரை. சாக்குக் கட்டுரைகளைப் படித்தால் இந்த ஒழுங்கு தெரிவதில்லை. ஆப்பிரிக்காவில் களச் சோதனைகள் நடந்திருக்கின்றன, நல்ல கட்டுரைகளும் உண்டு. ஆனால் தானியம் முன்பே புகைமூட்டப்பட்டதா, எத்தனை மாதம், எதை அளந்தார்கள் என்பதெல்லாம் ஒன்றுக்கொன்று வேறு.

இன்னொரு அடிப்படை வித்தியாசம். வலைக்குள் மனிதன் தூங்குகிறான். அவன் வாசனைக்குக் கொசு திரும்பத் திரும்ப வலையில் வந்து மோதும். வலை ஒரு பொறி, மனிதன் அதில் இரை. சாக்கில் மாவு வண்டு அப்படி மோதி மோதிச் சாவதில்லை, ஒரு தடவை சந்து கிடைத்தால் போதும். கொசுவலையில் நடந்த வெற்றியைச் சாக்குக்கு அப்படியே மாற்றி எழுத முடியாது.

காகிதம் சொல்லிக்கொடுத்த பாடம்

மெத்தோபிரீன் வகைக்கு இன்னும் சுவாரசியமான முன்கதை இருக்கிறது. 1960-களின் நடுவில் கரெல் ஸ்லாமா என்ற செக் விஞ்ஞானி, பிராகில் வளர்த்த சிவப்பு நாவாய்ப்பூச்சிகளோடு ஹார்வர்டில் கரோல் வில்லியம்ஸின் ஆய்வகத்துக்குப் போனார். அங்கே பூச்சிகள் முதிரவே மாட்டேன் என்றன. ஐந்தாம் பருவத்துக்குப் பிறகு முழுப்பூச்சி ஆக வேண்டியவை, இன்னொரு முறை தோலுரித்து ராட்சதக் குஞ்சுகளாக நின்று செத்தன. தேடித்தேடிப் பார்த்ததில் காரணம் கூண்டில் விரித்திருந்த காகிதத் துண்டு! அமெரிக்கக் காகிதக் கூழுக்குப் பயன்படும் பால்சம் ஃபிர் மரத்தில், பூச்சியின் இளமை ஹார்மோன் போலவே நடந்துகொள்ளும் பொருள் இருந்தது. நியூயார்க் டைம்ஸ் தாளில் வைத்தாலும் பூச்சி முதிரவில்லை. லண்டன் டைம்ஸ் தாளில் சாதாரணமாக முதிர்ந்தது. 1966-இல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள், ஜுவாபியோன் என்று பெயர். இந்த வகை ஹார்மோன் போலிகளை மருந்தாக்கும் முயற்சியில் வந்ததுதான் மெத்தோபிரீன். 1975-இல் அமெரிக்காவில் பதிவு பெற்றது.

அதாவது, பூச்சியை முதிரவிடாத 'பேக்கேஜிங்' மனிதன் திட்டமிடுவதற்கு முன்பே தற்செயலாக இருந்திருக்கிறது. கதை அழகு. ஆனால் அதிலேயே வரம்புகளும் இருக்கின்றன. அந்தக் காகிதம் அந்த ஒரு குடும்பத்துப் பூச்சிகளைத்தான் பாதித்தது. அவையும் காகிதத்தின் மேலேயே வாழ்ந்தவை. மெத்தோபிரீன் பல இனங்களைப் பாதிக்கும் என்றாலும், முழு வளர்ச்சியடைந்த வண்டைக் கொல்லாது. பையின் மேல் அல்லது மடிப்பில் முட்டை வைத்தால், அதிலிருந்து வரும் புழு வண்டாகாமல் நின்றுபோகும். இந்த இடத்தில் அது சமர்த்து. தாய் வண்டே உள்ளே போய் மாவின் நடுவில் முட்டை வைத்துவிட்டால்? புழு வளர்வது பையின் சுவரில் இல்லை, மாவில். ஹார்மோன் அங்கே இல்லை.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'எத்தனை சதவீதம் முதிர்ந்த வண்டாக வெளிவரவில்லை' என்பது பூச்சியியலாளரின் அளவுகோல். பாக்கெட் வாங்கியவரின் அளவுகோல் வேறு. பாதியில் வளர்ச்சி நின்றுபோன புழு மாவில் நெளிந்தால், "பரவாயில்ல, இது வண்டா ஆகாது" என்று யாரும் சப்பாத்தி சுடப்போவதில்லை. உயிரோடு ஒன்று இருந்தாலும் அந்தப் பாக்கெட் தோல்விதான்.

ஒரு சின்னக் கணக்கு

இனி மருந்து உணவுக்குள் வருவது பற்றி. பயமுறுத்த எழுதவில்லை, எண்ணின் அளவு புரிவதற்காகத்தான்.

டெல்டாமெத்ரின் சாக்கில் ஒரு கிலோ பிளாஸ்டிக்குக்குச் சுமார் 3 கிராம் மருந்து. 50 கிலோ சாக்கின் எடை 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மருந்து 300 மில்லிகிராம். அத்தனையும் தானியத்துக்குள் இறங்கினால் கிலோவுக்கு 6 மில்லிகிராம். உணவுத் தானியத்தில் டெல்டாமெத்ரினுக்கு கோடெக்ஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு கிலோவுக்கு 2 மில்லிகிராம். மொத்தமும் இறங்காது, மருந்து இழையிலிருந்து மிக மெதுவாகத்தான் வெளியே கசியும். ஆக உலர்ந்த தானியத்தில் சராசரி, வரம்புக்கு வெகு கீழேதான் நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். என் கேள்வி சராசரி பற்றியது அல்ல. சாக்குச் சுவரை ஒட்டி மாதக்கணக்கில் கிடக்கும் வெளி அடுக்கு மணிகளில் எவ்வளவு? சாக்கு முழுவதையும் கலக்கி ஒரு மாதிரி எடுத்தால் அந்தக் கேள்வி கரைந்துபோகும்.

அதைவிட முக்கியம், கொழுப்பு. இப்போது அந்தப் பழைய அமெரிக்க விதிக்கு வருகிறேன். மெழுகுத்தாள் உள்ளுறையோடு செய்யும் மருந்திட்ட பருத்திப் பைகளில், கொழுப்பு 4 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள உலர் உணவுகளைத்தான் போடலாம் என்கிறது அது. ஏன்? இந்த மருந்துகள் எண்ணெயில் கரைபவை. கொழுப்பு அவற்றை இழுக்கும். விதி எழுதியவர்கள் பை எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை, அதில் என்ன போடுவார்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குப் பிடித்தது.

கிராமத்தில் சாக்குக்கு ஒரே ஒரு வாழ்க்கை கிடையாது. இந்த வருஷம் சோளம், அடுத்த வருஷம் நிலக்கடலை. கடலையில் ஏறக்குறைய பாதி எண்ணெய். அப்புறம் மிளகாய் காயவைக்க விரிப்பு, மழைக்குத் தலையில் கொங்காணி, திண்ணையில் குழந்தை படுக்க ஒரு விரிப்பு. ஆப்பிரிக்காவிலும் சரி, இங்கேயும் சரி, நல்ல சாக்கை யாரும் தூக்கிப் போடுவதில்லை. 'தானியத்துக்கு மட்டும்' என்று அச்சடிப்பது நிறுவனத்தின் பொறுப்பைக் கழிக்கும், குழந்தையின் தோலைக் காக்காது. சாக்கின் இரண்டாவது, மூன்றாவது வாழ்க்கையைப் பற்றிப் பேசாத பாதுகாப்பு ஆய்வு என் பார்வையில் பாதி ஆய்வுதான்.

எதிர்ப்புத்திறனும் இருக்கிறது. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, டெல்டாமெத்ரினைத் தாங்கும் ஒரு டிரைபோலியம் வகையில் அதற்குக் காரணமான நொதி வண்டின் மூளையில் வேலை செய்வதைக் கண்டுபிடித்தது. இதே வண்டு, இதே மருந்து. மாதக்கணக்கில், கொல்லப் போதாத அளவில், ஒரே மருந்தைச் சுற்றிலும் வைத்திருப்பது தாங்கக்கூடியவற்றைத் தேர்ந்தெடுத்து வளர்க்கும் ஏற்பாடும்தான்.

மாற்று என்ன, நம்ம குடோனில் என்ன

போட்டியாளரைச் சொல்லாமல் விமர்சனம் நேர்மையாகாது. 1980-களின் கடைசியில் கேமரூனில் தட்டைப்பயறைக் காப்பாற்ற பர்டியூ பல்கலைக்கழகத்தின் லாரி மர்டாக் குழு தொடங்கியதுதான் பிக்ஸ் பை. உள்ளே 80 மைக்ரான் தடிமனில் இரண்டு பாலித்தீன் பைகள், வெளியே சாதாச் சாக்கு. இறுக்கிக் கட்டினால் உள்ளே இருக்கும் பூச்சிகளே ஆக்சிஜனைத் தீர்த்து, தங்களை முடித்துக்கொள்ளும். மருந்தே இல்லை. முக்கியமாக, 'வெச்ச' வண்டுக்கு இது பதில் சொல்கிறது. இதன் பலவீனம் துளைப்பான்கள். உள்ளுறையைக் கடித்து ஓட்டை போட்டால் காற்று புகுந்துவிடும். எலி கடித்தாலும் அதே கதி.

ஆக மருந்துச் சாக்கு வெளியாளுக்கு, காற்றுப்புகாப் பை உள்ளாளுக்கு. வெஸ்டர்கார்டே பின்னால் மருந்துச் சாக்கும் காற்றுப்புகா உள்ளுறையும் சேர்ந்த ஜீரோஃபிளை ஹெர்மெட்டிக் என்ற பையைக் கொண்டுவந்தது. எந்த விமர்சகர் எழுதுவதையும்விட இது தெளிவான ஒப்புதல் என்று நினைக்கிறேன்.

இந்தியாவிலும் நாம் பைக்கு மருந்து போடுகிறோம், வேறு வடிவில். இந்திய உணவுக் கழகக் கிடங்குகளில் அடுக்கிய மூட்டைகளின் வெளிப்புறத்தில் மாலத்தியான் 15 நாளைக்கு ஒரு முறை, டெல்டாமெத்ரின் 90 நாளைக்கு ஒரு முறை தெளிப்பது வழக்கம். அது தடுப்புக்குத்தான். உள்ளே பூச்சி தெரிந்தால் உறை போட்டு மூடி பாஸ்பீன். வெளியாளுக்கு ஒன்று, உள்ளாளுக்கு ஒன்று என்ற பிரிவு நம்ம குடோன் நடைமுறையிலேயே இருக்கிறது. பாஸ்பீனுக்கும் எதிர்ப்பு வளர்ந்துவருவதால் மருந்துப் பைகள் பற்றிய பேச்சு இங்கேயும் சூடாகும் என்று தோன்றுகிறது. அப்போது கேட்க வேண்டியவை இவை:

1. பூச்சி ஏற்கெனவே உள்ள தானியத்தை நிரப்பிச் சோதித்தீர்களா?
2. விவசாயி தைப்பதுபோல, அவர் வைத்திருக்கும் நூலால் தைத்துச் சோதித்தீர்களா?
3. தூசியும் சிந்தலும் உள்ள கிடங்கில், வெயில் காலம் முழுக்க வைத்தீர்களா?
4. ஒப்பீடு சாதாச் சாக்கோடு மட்டுமா, அதே காசில் கிடைக்கும் காற்றுப்புகாப் பையோடுமா?
5. சுவரை ஒட்டிய தானியத்திலும், எண்ணெய் வித்திலும் மிச்சத்தைத் தனியாக அளந்தீர்களா?

ஐந்துக்கும் பதில் வைத்திருக்கும் கட்டுரை வந்தால் நான் முதல் ஆளாகப் பாராட்டுவேன். சாக்கு மோசமான கண்டுபிடிப்பு என்று நான் சொல்லவில்லை. புகைமூட்டிய விதைத் தானியத்தை ஒரு சேமிப்பகம் மாதக்கணக்கில் வைக்க வேண்டுமென்றால், துளைப்பான் தொல்லை உள்ள ஊரில் அது நல்ல கருவி. நடுவயிற்றில் கூன்வண்டு இருக்கும் சோளத்தை வைத்துக்கொண்டு அடுத்த அறுவடை வரை குடும்பம் ஓட்ட வேண்டியவரிடம் "இந்தச் சாக்கு போதும்" என்று விற்றால், அவர் கூடுதல் காசும் கொடுத்து, சோளத்தையும் இழப்பார். அவருக்கு முதலில் தேவை நல்ல வெயிலில் காய்ச்சலும், சல்லடையும், காற்றுப் புகாத ஒரு கலமும். மருந்து நெய்த சாக்கு அதற்கு மேலே போடும் சட்டை.